ஆனையில்லாக் குடாநாட்டில் ஆனைப் பெயர்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பற்றிய சிறு செய்திகள் சில, பாடசாலைப் பொது அறிவு வினாக்களில் ஓயாது இடம்பெறுவன. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத நிலப்பகுதி எது? கட்டாக்காலிக் குதிரைகள் திரியும் தீவு எது? பன்றித்தொடையின் பெயரைப் பெற்ற கோட்டை எது? குடாநாட்டின் தரைவாயில் எது? இவற்றுக்கான விடைகள் யாவரும் அறிந்தவையே. ஒரு சொல்லில் விடை கூறிப் புள்ளி பெற்றபின் அவை மறக்கப்பட்டுவிடுகின்றன. ஆயின், ‘எது’ என்னும் வினாவை விடுத்து ‘ஏன்’ என்னும் வினாவை எழுப்புவோமாயின், தனித்தனித் துணுக்குகளாகத் தோன்றும் இச்செய்திகள் ஒன்றோடொன்று தொடர்புற்று ஒரு வரலாறாக விரிவதைக் காணலாம். அவற்றைப் பிணைக்கும் இழை யானை வணிகமாகும்.

யானைக் கூட்டங்கள் நிலையாக வாழாத இக்குடாநாட்டில் யானையின் பெயர் தாங்கிய இடங்கள் பல உள. வாயிலில் ஆனையிறவு, வலிகாமத்தில் ஆனைக்கோட்டை, யாழ்ப்பாண நகர்ப்புறத்தில் ஆனைப்பந்தி. வாயிலுக்கு அப்பால் வன்னியிலே ஆனைவிழுந்தான். இல்லாத விலங்கின் பெயரை மக்கள் ஏன் தம் ஊர்களுக்கு இட்டனர்? அப்பெயர்கள் எமக்கு உணர்த்துவன யாவை? இவற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலத்தின் இயல்பு

குடாநாடு மயோசின் காலச் சுண்ணாம்புக்கல்லின்மீது அமைந்த தட்டையான நிலம். மழைநீர் கல்லின் வெடிப்புகளூடாகக் கீழிறங்கி நிலத்தடி நீராகத் தங்குவதால், மேற்பரப்பில் ஆறுகள் உருவாதல் அரிது. மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கமாகக் கடனீரேரியிற் சேரும் வழுக்கையாறே இங்கு ஆறெனப் பெயர் பெற்றது. மக்கள் வாழ்க்கை கிணற்றையே நம்பியது. தோட்டமும் பனந்தோப்பும் குடியிருப்பும் செறிந்த இந்நிலத்தில், நாளொன்றுக்கு நூறு லீற்றருக்கும் மேற்பட்ட நீரை வேண்டும் யானைக்குக் காடும் இல்லை, ஆறும் இல்லை.

ஆனால் குடாநாட்டுக்குத் தெற்கே கனகராயன் ஆறு பாயும் வன்னிப் பெருநிலம் யானைக்கு உகந்த காடாகும். இவ்விரு நிலங்களுக்கும் இடையே உள்ளது ஆழங்குறைந்த கடனீரேரி. அது மிக ஒடுங்கிய இடமே ஆனையிறவு. அவ்வாழமின்மையே அவ்விடத்தின் வரலாறு முழுவதையும் நிர்ணயித்துள்ளது எனலாம். ஆழமின்மையால் யானைகள் நீரில் இறங்கி நடந்து கடந்தன. ஆழமின்மையாலேயே கோடையில் நீர் விரைந்து வற்றி உப்பு விளைந்தது. தரைவழி வருவோர் அனைவரும் அவ்வொடுங்கிய பகுதியாலேயே வரவேண்டியிருந்தமையால், ஆண்டவர் எல்லாரும் அவ்விடத்தில் காவல் வைத்தனர். யானை, உப்பு, படை ஆகிய மூன்றும் ஒரே புவியியற் காரணத்தின் மூன்று விளைவுகளாம்.

‘இறவு’ என்னும் சொல்லும் ஈண்டு நோக்கத்தக்கது. யானைகள் இறந்த இடம் என இதற்குப் பொருள் கொள்வாருமுளர். எனினும் ‘இறத்தல்’ என்பதற்குக் கடத்தல் என்பதே பழம்பொருள். கடந்துபோன காலத்தை ‘இறந்தகாலம்’ என நாம் இன்றும் வழங்குகின்றோம். ஆகவே ஆனை கடக்கும் இடமே ஆனையிறவு எனக் கொள்ளுதல் பொருந்தும். ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் வழங்கிய பெயர்களும் இப்பொருளையே தருகின்றன. பனம்பழக் காலத்தில் காட்டு யானைகள் பழத்தை நாடி வன்னியிலிருந்து இவ்வழியே வந்தன என்பது வழங்கிவரும் ஒரு விளக்கம். வணிகத்திற்காகப் பிடிக்கப்பட்ட யானைகள் இவ்வழியே ஓட்டிவரப்பட்டன என்பது மற்றொன்று. இவை ஒன்றையொன்று மறுப்பன அல்ல. விலங்கு கண்ட வழியை மனிதன் பின்பற்றுதல் இயல்பே.

முழத்தால் அளந்த செல்வம்

ஈழத்து யானை கடல்கடந்து விற்கப்பட்டமைக்கு மிகப் பழைய சான்றுகள் உள்ளன. கி.பி. 200 அளவில் வாழ்ந்த ஈலியன் என்னும் உரோம எழுத்தாளர், இத்தீவின் யானைகள் அதற்கெனக் கட்டப்பட்ட மரக்கலங்களில் ஏற்றப்பட்டுக் கலிங்க மன்னனுக்கு விற்கப்பட்டன என்று குறிப்பிடுகின்றார். ஆறாம் நூற்றாண்டினரான கொஸ்மஸ் என்னும் கிரேக்க வணிகர், இத்தீவின் மன்னன் யானைகளை உயரம் பார்த்து முழக்கணக்கில் விலை கொடுத்து வாங்கினான் என்றும், பாரசீகத்திலிருந்து வந்த குதிரைகளுக்குச் சுங்கவரி விலக்களித்தான் என்றும் எழுதியுள்ளார். ஆகவே யானையும் குதிரையும் சேர்ந்தே பேசப்படும் வழக்கமும், இத்தீவு யானையை விற்றதோடு வாங்கியும் உள்ளது என்பதும் அக்காலத்திலேயே புலப்படுகின்றன.

இவ்வணிகத்தில் குடாநாட்டின் இடத்தை ஐயமின்றி நிறுவுவது நயினாதீவிலுள்ள தமிழ்க் கல்வெட்டாகும். 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதனைப் பதிப்பித்து வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையிலே வந்திறங்க வேண்டும், அவர்கள் காக்கப்படல் வேண்டும் என்று ஆணை கூறுகின்றது. தொடர்ந்து, உடைந்த மரக்கலங்கள் பற்றிய விதி வருகின்றது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கலம் உடையுமாயின் காற்பங்கு பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் உரியன. பிற வாணிபச் சரக்குக் கொண்டுவந்த கலம் உடையுமாயின் பண்டாரத்துக்கும் உடையவனுக்கும் சரிபாதி.

இவ்விதியின் நுட்பம் சிந்திக்கத்தக்கது. எல்லாச் சரக்கிலும் பாதியை எடுத்துக்கொண்ட அரசு, யானை குதிரைக் கலங்களில் மட்டும் காற்பங்கோடு ஏன் நின்றது? கருணையால் என்று கொள்ளுதல் பொருந்தாது. யானையும் குதிரையும் படைக்குரியன. அவற்றைக் கொணர்வோன் நட்டத்துக்கு அஞ்சி வராதுவிடின் முதலில் இழப்பவன் அரசனே. பராக்கிரமபாகு 1165 அளவில் பர்மா நாட்டின்மீது கடற்படை அனுப்பியதற்கு யானை விற்பனையில் அந்நாட்டரசன் விதித்த தடைகளும் ஒரு காரணம் எனச் சூளவம்சம் கூறுவதை இதனோடு இணைத்து நோக்குதல் வேண்டும். சிங்கள மன்னன் ஒருவன் வடபுலத் துறையொன்றுக்கு இட்ட ஆணையைத் தமிழில் பொறித்தமையும் குறிப்பிடத்தக்கது. அத்துறையில் வழங்கிய வணிக மொழி எதுவென்பதை அது காட்டுகின்றது.

கல்வெட்டுக் கூறும் ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. சிங்கள வழக்கிலும் அது ஊராதொட்ட எனப்பட்டது. சோழ மன்னன் இரண்டாம் இராசாதிராசனது திருவாலங்காட்டுக் கல்வெட்டும், பராக்கிரமபாகு கலங்கள் கட்டிய இடங்களுள் மாதோட்டம், வல்லிகாமம் என்பவற்றோடு ஊராத்துறையையும் சேர்த்துச் சொல்கின்றது. சோழர் சார்பில் வந்த படை அங்கிருந்த யானைகளைக் கைப்பற்றியதையும் அது தெரிவிக்கின்றது.

தானே நடந்துசெல்லும் சரக்கு

பின்வந்த யாழ்ப்பாண அரசின் வருவாயில் யானை வணிகத்துக்கு முக்கிய இடமிருந்தது. போர்த்துக்கேயர் 1560இல் படையெடுத்தபின்பு அவ்வரசர்களிடம் கேட்ட திறையில் யானைகளும் அடங்கியிருந்தமை அதனை உணர்த்தும். 1619இல் அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரிடமிருந்து 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பெற்றனர். ஊர்காவற்றுறையின் ஆங்கிலப் பெயரான ‘கயிற்ஸ்’ என்பது இறங்குதுறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபாகும். அத்துறையின் வாயிலில், கடலின் நடுவே போர்த்துக்கேயர் கட்டிய கோட்டைக்கு ஒல்லாந்தர் ‘ஹம்மன்ஹீல்’ என்று பெயரிட்டனர். இலங்கையின் வடிவம் அவர்கள் கண்ணுக்குப் பன்றித்தொடை போன்று தோன்றியதால், அதன் குதிப்பகுதி என்பது அப்பெயரின் பொருள்.

யானைச் சந்தை கொழும்பிலோ காலியிலோ அமையாது யாழ்ப்பாணத்தில் அமைந்தது ஏன்? ஒல்லாந்தர் ஆட்சியில் மாத்தறைப் பகுதியில் பிடிக்கப்பட்ட யானைகளும் மேற்குக் கரையோரமாகப் புத்தளம் வழியே வடக்கு நோக்கி நடத்திவரப்பட்டன. கோல்கொண்டா முதலிய பகுதிகளின் வணிகர் யாழ்ப்பாணத்துக்கு வந்தே அவற்றை வாங்கினர். இதன் காரணம் எளிது. யானை தானே நடந்துசெல்லும் சரக்கு. தரைவழியில் அதனைக் கொண்டுசெல்லும் செலவு குறைவு. கடல்வழியிலோ ஒவ்வொரு நாளும் நீரும் தீவனமும் வேண்டும். புயலாலும் நோயாலும் இழப்பு நேரும். ஆகவே நடக்கக்கூடிய தூரம் முழுவதும் நடத்திவந்து, கடல் மிகக் குறுகிய இடத்தில் கலமேற்றுவதே இலாபம். இந்தியக் கரைக்கு அண்மையிலுள்ளது குடாநாடு. வேலணைத் தீவுக்கும் காரைதீவுக்கும் இடையே காற்றுக்கு ஒதுக்கமாக அமைந்த இயற்கைத் துறை ஊர்காவற்றுறை.

இவ்வழியைக் காக்கும் பொருட்டே குடாநாட்டின் கழுத்துப் பகுதியில் ஆனையிறவு, பெஸ்குட்டர், பைல் என மூன்று காவற்கோட்டைகளை ஒல்லாந்தர் வைத்திருந்தனர். வன்னியிலிருந்து வரும் யானைகளும் மனிதரும் கண்காணிப்புக்கு உட்பட்டனர்.

யானை பிடித்தவர் யார்?

அரசர்க்கும் கொம்பனிக்கும் கிடைத்த வருவாயை ஏடுகள் கூறுகின்றன. யானையைப் பிடித்தவரையும் பேணியவரையும் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. அவர்கள் ஏட்டிலே தோன்றுவது பெரும்பாலும் கடனாளிகளாகவே. பனங்காமம், முள்ளியவளை முதலிய பற்றுகளை ஆண்ட வன்னியர்கள் ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாக இறுக்கவேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்துக் கொமாண்டராகவிருந்த ஹென்றிக் சுவார்டெகுறூன் 1697இல் எழுதிவைத்த குறிப்புரையில் வன்னியர் செலுத்தாத யானைத்திறையின் நிலுவை ஒரு பெரும் பிரச்சினையாக இடம்பெறுகின்றது. கொம்பனியின் நோக்கில் அது நிலுவை. வன்னியின் நோக்கில் அது எதிர்ப்பின் ஒரு வடிவம் எனக் கொள்ள இடமுண்டு. ‘அடங்காப்பற்று’ என்ற பெயர் வன்னிக்கு வாளால் மட்டும் வந்ததன்று, கொடாமையாலும் வந்ததெனலாம். 1780களில் ஒல்லாந்தர் வன்னியை நேரடி ஆட்சியின்கீழ்க் கொணர முற்பட்டதன் பின்னணியில் இப்பூசலின் நீண்ட வரலாறு உண்டு.

காட்டிலே கயிற்றுக் கண்ணியால் யானையின் காலைப் பிணித்துப் பிடிக்கும் தொழிலில் வல்லவர்கள் பணிக்கர் எனப்பட்டனர். தமிழ் பேசும் முஸ்லிம்களான இவர்களின் துணிவையும் திறனையும், 1845 முதல் 1850 வரை குடியேற்றநாட்டுச் செயலாளராகவிருந்த எமர்சன் ரெனன்ற் வியந்து எழுதியுள்ளார். பிடித்த யானைகள் குடாநாட்டை அடைந்தபின் கலம் வரும்வரை அவற்றைப் பேணவேண்டும். ஆறில்லாத நாட்டில் அவற்றுக்குரிய நீர் கிணற்றிலிருந்தே வரவேண்டும். தீவனம் ஓலையிலிருந்தும் தழையிலிருந்தும் வரவேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியில் ‘ஊழியம்’ எனப்பட்ட கட்டாய உழைப்பு நிலவிய சூழலில், அந்நீரை இறைத்தவர் யார், அவ்வோலையை வெட்டிச் சுமந்தவர் யார் என்னும் வினாக்கள் எழாமலிருக்க முடியாது.

செல்வம் பகையாதல்

பிரித்தானியர் ஆட்சியில் இந்நிலை தலைகீழாயிற்று. போர்முறை மாறியமையால் யானைப்படைக்கு மதிப்புக் குன்றியது. இந்தியச் சுதேச அரசுகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன; வாங்குவோர் அருகினர். வாங்குவோரில்லாத யானை, பயிரழிக்கும் விலங்காக மட்டுமே அரசின் கண்ணுக்குத் தெரிந்தது. யானையைக் கொல்வோருக்குத் தலைக்குச் சில சிலின் வெகுமதி அறிவிக்கப்பட்டது. 1848க்கு முற்பட்ட மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் வடபகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன என ரெனன்ற் எழுதுகின்றார். அன்றைய வட மாகாணம் 1873இல் வடமத்திய மாகாணம் பிரிக்கப்படும்வரை நுவரகலாவியையும் உள்ளடக்கிய பெருநிலம் என்பதை நினைவிற் கொள்ளினும் இத்தொகை பெரிதே. பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஆணை, யானை கொணரும் வணிகனுக்கு முக்காற்பங்கை விட்டுக்கொடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆணை, யானையைக் கொன்றவனுக்குக் கூலி கொடுத்தது. விலங்கு மாறவில்லை, அதனால் வரும் பயனே மாறியது.

யானையோடு சேர்த்துப் பேசப்பட்ட குதிரையின் கதி வேறு. ஐரோப்பியர் ஆட்சியில் குதிரைகள் வளர்க்கப்பட்ட நெடுந்தீவில், அவற்றின் வழித்தோன்றல்கள் இன்றும் உரிமையாளரின்றித் திரிகின்றன. குடாநாட்டில் யானை பெயரை விட்டுச்சென்றது. குதிரை தன் இனத்தை விட்டுச்சென்றது.

பெயர்ச் சான்றின் எல்லை

இடப்பெயரைச் சான்றாகக் கொள்வதில் எச்சரிக்கை தேவை. ஆனைக்கோட்டை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. யானைகள் கட்டப்பட்ட இடமாதலால் இப்பெயர் வந்ததென்பர். ஆயின் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அங்கு நிகழ்த்திய அகழாய்வில் பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய ஈமச்சின்னமும், பிராமி எழுத்தில் ‘கோவேத’ எனப் பொறித்த முத்திரையும் கிடைத்தன. அவ்வூர் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழைமையுடையது. அதன் பெயரோ சில நூற்றாண்டுகளுக்கே உரியதாகலாம். ஊரின் வயதும் பெயரின் வயதும் ஒன்றல்ல. ‘ஊராத்துறை’ மக்கள் வழக்கில் ‘ஊர்காவற்றுறை’ ஆகி ஊரைக் காக்கும் துறை என்ற புதுப்பொருள் பெற்றதும் இத்தகையதே. ஆகவே இடப்பெயரைத் தனித்து நம்பாது கல்வெட்டு, அகழாய்வு, ஆவணம், நிலத்தின் அமைப்பு ஆகியவற்றோடு வைத்து ஒப்புநோக்குதல் வேண்டும்.

அவ்வாறு நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகின்றது. ஒல்லாந்தர் எம் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணை லெய்டன் ஆயிற்று, காரைதீவு அம்ஸ்ரர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு றொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்வ்ற். இவற்றுள் நெடுந்தீவின் பெயர் மட்டும் ஆங்கில வழக்கில் நிலைத்தது. அங்கு வாழும் மக்களின் நாவில் ஒன்றேனும் ஏறவில்லை. ஹம்மன்ஹீலும் அவர்களுக்குக் கடற்கோட்டையே. ஆனால் ஆனையிறவு, ஆனைப்பந்தி, ஆனைக்கோட்டை என்பன எந்த ஆணையுமின்றி நிலைத்துள்ளன. முன்னையவை அதிகாரம் வரைபடத்தில் எழுதிய பெயர்கள். பின்னையவை யானையை ஓட்டியும் கட்டியும் தீவனமிட்டும் வாழ்ந்தோர் அன்றாடப் பேச்சில் இட்ட பெயர்கள். இலக்கண வழக்கிலுள்ள ‘யானை’ அன்றிப் பேச்சு வழக்கிலுள்ள ‘ஆனை’ அவற்றில் நிற்பதே இதற்குப் போதிய சான்று. ஏடுகளில் இடம்பெறாதோர் விட்டுச்சென்ற ஏடு இவ்விடப்பெயர்களே எனலாம்.

இவ்வேட்டைப் படிக்கவேண்டிய கடமை இன்று எமக்கு அவசரமாகியுள்ளது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஈடுசெய்ய இயலாத சுவடிகளும் அழிந்தன. 1990இலும் 1995இலும் நிகழ்ந்த இடப்பெயர்வுகளால் தீவகத்திலும் வலிகாமத்திலும் ஊர்கள் வெறுமையாயின. 1991இலும் 2000இலும் 2009இலும் நடந்த போர்களால், ஆனையிறவு என்ற சொல்லைக் கேட்டதும் எம் தலைமுறைக்கு யானையும் உப்பும் நினைவுக்கு வருவதில்லை. போர்க்களமே நினைவுக்கு வருகின்றது. அந்நினைவும் வரலாறே. ஆயினும் அது ஆயிரமாண்டு வழியொன்றின் இறுதி அத்தியாயமேயன்றி முழு நூலன்று.

ஊர்ப் பெயர்கள் வரைபடத்தில் உள்ளமையால் தப்பிவிடும். வயல், வளவு, கேணி, ஒழுங்கை, துரவு ஆகியவற்றின் பெயர்கள் பழைய காணி உறுதிகளிலும் முதியோர் நினைவிலும் மட்டுமே உள்ளன. உறுதிகள் தொலைகின்றன, முதியோர் மறைகின்றனர். வெவ்வேறு ஊர்களிலிருந்து பல்கலைக்கழகம் வந்து கூடியிருக்கும் மாணவர்கள், விடுமுறைகளில் தத்தம் கிராமத்தின் காணிப் பெயர்களைக் கேட்டுத் தொகுத்து, அவற்றின் இருப்பிடத்தையும் வழங்கும் விளக்கத்தையும் பதிவுசெய்வார்களாயின், பெரும் பொருட்செலவின்றி அரியதோர் ஆவணம் உருவாகும். அதில் இன்னும் எத்தனை ஆனைகள் மறைந்திருக்கின்றன என்பதைத் தேடிப் பார்த்தே அறிதல் வேண்டும்.